வந்தவர்களுக்குக் கதிரை

ஹென்டர்சன், ஒக்லாந்து
10.11.2024

அன்புள்ள தங்கச்சி பத்மாவதிக்கு,

அண்ணா எழுதுவது. நான் சுகம். முழங்கால் மட்டும் மழைக்கு முன்னால் அறிவித்தல் கொடுக்கிறது. உன் காது எந்த மட்டில்? முற்றாகப் போய்விட்டது என்று யசீகரன் சொன்னான். உன் மகனிடம் போனில் ஒன்றைச் சொல்வதும் கோயில் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்றுதான், நான் போனை வைக்கமுன் முழுக் கொக்குவிலுக்கும் தெரிந்துவிடும். அதனால்தான் பேனையை எடுத்தேன்.

விஷயம் இதுதான். எங்கள் மூத்தோர் சங்கம் வருகிற ஏப்ரலில் கொரியாவுக்குச் சுற்றுலா போகிறது. கிளப்பிவிட்டவர் கோதண்டராமன். வெஸ்ட்கேட்டில் இருக்கிற தமிழ்நாட்டுக்காரர், வங்கி மனேஜராக இருந்து இளைப்பாறியவர். "சார், கொரியாவுக்கும் நமக்கும் ரெண்டாயிரம் வருஷத்து உறவு. நம்ம பக்கத்து இளவரசிதான் அங்க போய் ராஜாவைக் கட்டிக்கிட்டா. ஆமா! இன்னைக்கும் அங்க பிள்ளைங்க அப்பாவை அப்பான்னுதான் கூப்பிடுது" என்று கூட்டத்தில் கண் கலங்கினார். அந்த இளவரசியின் தகப்பன் கலியாணத்துக்குப் போனாரோ என்று கேட்டேன். அது சரித்திரத்தில் இல்லையாம்.

அப்பா சங்கதி எனக்கும் தெரியும். இங்கே கொரியன் கடையில் யாரோ ஒரு குஞ்சு "அப்பா" என்று கத்த, அரிசி மூட்டையோடு திரும்பிப் பார்த்து மானம் கெட்டிருக்கிறேன். நல்ல சொல்லாகப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறார்கள்.

நானும் பெயர் கொடுத்துவிட்டேன். அரண்மனை பார்க்கத்தான். கம்சாயினி அந்த ஊரில் இருக்கிறாள் என்பதற்காக இல்லை. பெற்றது ஒன்று, அதுவும் தன் வழியில் போனது. நான் வருவதை அவளுக்கு எழுதித் தொலைக்காதே.

மருமகளையும் பேரப்பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
அண்ணா தியாகலிங்கம்


கொக்குவில்
4.12.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்து இரண்டு தரம் வாசித்தேன். இங்கே எல்லோரும் சுகம். மழை விடாமல் பெய்து கிணறு முட்டி நிற்கிறது. காது போனதிலும் ஒரு நன்மை இருக்கிறது, மருமகள் முணுமுணுப்பது கேட்பதில்லை. முழங்காலுக்கு மருந்து எடுக்கிறீர்களா, அல்லது வழக்கம்போல டொக்டரோடும் சண்டையா?

அவளுக்கு எழுதாதே என்றீர்கள். உங்கள் "எழுதாதே"யை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். எழுதிவிட்டேன்.

கம்சாயினி மாதம் தவறாமல் எனக்கு எழுதுகிறாள். உங்களை விசாரிக்காமல் ஒரு கடிதமும் முடிப்பதில்லை என்று பொய் சொல்லலாம். சொல்லமாட்டேன். அவள் விசாரிப்பதில்லை.

அண்ணியின் செத்த வீட்டில் நடந்தது அவள் எழுதித்தான் எனக்குத் தெரியும். நீங்கள் ஒருநாளும் வாய் திறக்கவில்லை. தாயின் பெட்டியடியில், பாயில் குந்தப் போன பிள்ளையை மறித்து, "வந்த ஆக்களுக்குக் கதிரை போடுங்கோ" என்றீர்களாம். செத்த வீட்டில் உரித்துக்காரர் நிலத்தில் இருப்பார்கள், வந்தவர்கள்தான் கதிரையில். அவளும் புருஷனும் கராஜுக்குள் பிளாஸ்டிக் கதிரையில் இருந்துவிட்டுப் போனார்களாம். அந்தக் கொரியாப் பெடியனுக்கு எங்கள் வழக்கம் என்ன தெரியும்? "உங்கடை அப்பா நல்ல மரியாதை தெரிஞ்சவர், எனக்குக் கதிரை தந்தவர்" என்று அவளிடம் சொன்னானாம். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கோபிப்பீர்கள் என்று தெரிந்தே எழுதினேன். உடம்பைக் கவனியுங்கள்.

அன்புத் தங்கச்சி,
பத்மாவதி


ஹென்டர்சன்
28.12.2024

தங்கச்சிக்கு,

சுகம். நீயும் சுகமாக இருப்பாய், பிறத்தியார் கதை கேட்கிற ஆட்களுக்கு நோய் வருவதில்லை.

கதிரைக் கதை கொக்குவில்வரைக்கும் வந்துவிட்டதா? நல்லது. அப்படியே மிச்சத்தையும் கேள். அவள் கலியாணத்துக்கு நான் போகவில்லை, உண்மை. எனக்குச் சொல்லாமல் நாள் குறித்துவிட்டு அழைப்பு நீட்டினாள். உன் அண்ணி செல்வநாயகி சேலை உடுத்துத் தனியாக டக்சியில் போனாள். நான் புல்லு வெட்டினேன். பிறகு அவள் அவனோடு கொரியாவுக்குப் போனாள். செல்வநாயகி படுக்கையில் கிடந்து "பிள்ளை வந்திட்டாளோ" என்று கேட்டபடி போனாள். மூச்சு நின்று இரண்டாம் நாள்தான் மகள் வாசலில் வந்து நிற்கிறாள். அன்று எனக்கு வாயில் வந்ததைச் சொன்னேன். என் வீட்டில் யாருக்குக் கதிரை போடுவது, யாருக்குப் பாய் விரிப்பது என்று நான்தான் சொல்லவேண்டும்.

அவளைக் கேட்டுப்பார், வேண்டுமென்றால். நான் வரச் சொன்னதாக எழுதாதே. அரண்மனை எல்லோருக்கும் பொது. வருகிறவர்கள் வரட்டும்.

ஏப்ரல் பன்னிரண்டு, சனிக்கிழமை, எங்கள் கூட்டம் அங்கே போகிறது. காலை பதினொரு மணி அளவில்.

அண்ணா


சியோல்
25.1.2025

அன்பான மாமிக்கு,

நாங்கள் மூன்று பேரும் சுகம். நீங்களும் மச்சான் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே பனி. என் எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒக்லாந்தில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அப்பா இழுத்துக்கொண்டு போய் விட்டதால்தான் இவ்வளவாவது வருகிறது.

நான் வருவேன். மன்னிப்புக் கேட்க இல்லை. அவர் கேட்கவும் வேண்டாம்.

ஆனால் என் மகளைப் பற்றி அவருக்குச் சொல்லாதீர்கள். அம்மா போன பிறகு பிறந்தவள் என்பதால் அங்கே யாருக்கும் தெரியாது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு போய் அப்பாவுக்கு முன்னால் நிறுத்த வேண்டும். முதலே தெரிந்தால், என்ன முகம் வைப்பது என்று யோசித்து, அதை மாட்டிக்கொண்டு வருவார். எனக்கு அவர் யோசித்து வைக்காத முகம் வேண்டும், மாமி. ஒருதரம் பார்த்தால் போதும். அதற்குப் பிறகு கதிரையை மறக்க எனக்கு ஏலும்.

அரண்மனையில் ராஜாவின் மண்டபத்துக்கு முன்னால் பெரிய முற்றம் இருக்கிறது. அங்கே வரிசையாகச் சின்னக் கற்கள் நட்டிருக்கிறார்கள். எந்த அதிகாரி எங்கே நிற்பது என்று அந்தக் காலத்தில் எழுதிய கற்கள். பெரியவர்கள் ராஜாவுக்குக் கிட்ட, சின்னவர்கள் வாசலுக்குக் கிட்ட. அந்தக் கற்களடியில் நிற்கச் சொல்லுங்கள். எந்தக் கல் என்று சொல்லத் தேவையில்லை. அப்பா எந்தக் கல்லில் நிற்பார் என்று எனக்குத் தெரியும்.

உங்கள்
கம்சாயினி


கொக்குவில்
17.2.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். நீங்களும் சுகமாக இருக்க நல்லூரானை வேண்டிக்கொள்கிறேன். இந்த முறை கொஞ்சம் கூடுதலாகவே வேண்டியிருக்கிறேன்.

அவள் வருகிறாள். ராஜ மண்டபத்தின் முற்றத்தில் மந்திரிமார் நிற்கிற கற்கள் இருக்கின்றனவாம், அங்கே நிற்கட்டாம். தனியாக வரமாட்டாள். இதற்கு மேல் எழுத எனக்கு அனுமதி இல்லை.

அண்ணா, கண்ணைத் திறந்து வைத்திருங்கள். வாயை மூடி வைத்திருங்கள். நான் உங்களிடம் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை.

பத்மாவதி


ஹென்டர்சன்
27.3.2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் சுகம் என்று எழுதினால் பொய். நித்திரை வருவதில்லை. காய்ச்சல், தடிமன் ஒன்றுமில்லை. பயம்.

தனியாக வரமாட்டாள் என்றால் அவனும் வருவான். வரட்டும். கை கொடுக்க வேண்டுமென்றால் கொடுக்கிறேன், அதனால் என் கை தேய்ந்துவிடப் போவதில்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்று "எப்பிடி இருக்கிறாய் பிள்ளை" என்று சொல்லிப் பார்த்தேன். பொலிஸ்காரன் விசாரிக்கிற மாதிரி இருக்கிறது. சிரித்துக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். அது இன்னும் மோசம்.

பின்வளவில் ஃபீஜோவா மரம் இந்த வருடம் முந்திக் காய்த்திருக்கிறது. பச்சைத் தோலும் உள்ளே வெள்ளைச் சதையுமாக ஒரு பழம், கொய்யாவுக்குத் தூரத்துச் சொந்தக்காரன். சின்னதில் அவள் மரத்தடியிலேயே கரண்டியோடு இருந்து தின்பாள், செல்வநாயகி வயிற்றாலை போகப்போகுது என்று கத்துவாள். பழம் கொண்டுபோக விடமாட்டார்கள். ஜாம் காய்ச்சியிருக்கிறேன். முதல் சட்டி கருகிவிட்டது, இரண்டாவது பரவாயில்லை.

வாயை மூடச் சொன்னாய். மூடுகிறேன். போதுமா?

அண்ணா


சியோல், ஹோட்டலிலிருந்து
13.4.2025

பத்மாவதிக்கு,

நாளைக்குச் சித்திரை வருடப் பிறப்பு. வாழ்த்து எழுதுகிற மனநிலையில் நான் இல்லை, ஆனாலும் உனக்கும் குடும்பத்துக்கும் நல்லதாக அமையட்டும்.

அவள் வரவில்லை.

சொன்னபடி போனேன். வாசலிலேயே திருவிழாக் கூட்டம். அந்த நாட்டு உடுப்பைப் போட்டுக்கொண்டு வருகிறவர்களைச் சும்மா உள்ளே விடுகிறார்களாம், அதனால் ஊரிலுள்ள பெண்டுகள் முழுக்க பெரிய பாவாடையும் குட்டிச் சட்டையுமாக, படம் எடுத்தபடி. எங்கள் கோதண்டராமனும் ஒன்றை வாடகைக்கு எடுத்துவிட்டார். சிவப்பு அங்கி, தலையில் கறுப்புத் தொப்பி, கீழே ஓட்டப்பந்தயச் சப்பாத்து. "எப்படி சார் இருக்கேன்? ராஜா டிரஸ்!" என்றார். நல்லாயிருக்கிறது, சம்பந்தி வீட்டுக்குத்தானே வந்திருக்கிறீர்கள் என்றேன்.

முற்றத்தில் அந்தக் கற்களைக் கண்டுபிடித்தேன். முதலாவது கல்லடியில் நின்றேன். கடைசிக் கல்லடியில் நிற்க நான் என்ன வாசல்காவலா? மண்டபத்துக்குள் எட்டியும் பார்த்தேன். தங்கமும் சிவப்புமாக, மலையும் நிலவும் கீறிய மறைப்புக்கு முன்னால் ஒரு சிம்மாசனம். அவ்வளவு பெரிய மண்டபத்தில் ஒரே ஒரு கதிரை, இருக்க ஆளில்லை.

நேற்றுக் காற்றில் தூசி என்று பாதிச் சனத்துக்கு முகமூடி. கண்ணைத் திறந்து வைக்கச் சொன்னாயே, திறந்து வைத்தேன், தூசிதான் விழுந்தது. அதைவிடக் கொடுமை அந்தச் சொல். அந்த முற்றம் முழுக்கப் பிள்ளைகள், எல்லாம் "அப்பா, அப்பா" என்கின்றன. ஒவ்வொரு தரமும் எனக்கு நெஞ்சு ஒருதரம் குதிக்கும். திரும்புவேன். யாரோ ஒரு கொரியன் யாரோ ஒரு குட்டியைத் தூக்குவான். இப்படியே எத்தனை தரம்? கழுத்து நொந்துவிட்டது.

கடைசியாக ஒன்று, சிவப்புப் பாவாடைக் குட்டி, என் முதுகுக்குப் பின்னாலேயே நின்று வீரிட்டது. தூக்கி வாரிப்போட்டது எனக்கு. பார்த்தால் ஒரு கொரியனும், அந்த வாடகை உடுப்பில் முகமூடியோடு அவன் பெண்சாதியும். எனக்கு வந்த ஆத்திரத்தில், "சீ, உதுகளுக்குக் கூப்பிட வேறை ஒரு சொல்லும் கிடைக்கேல்லையே" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். யாருக்கு விளங்கப்போகிறது? அந்தப் பெண் மட்டும் நான் அவள் வீட்டில் களவெடுத்த மாதிரி என்னை முழுசிப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பிறகும் நின்றேன். கோதண்டராமன் வந்து கையைப் பிடித்து இழுக்கும்வரை நின்றேன். ஜாமை அவரிடம் கொடுத்துவிட்டேன். ஹோட்டல் ரொட்டிக்குப் பூசித் தின்றுவிட்டு "பிரமாதம் சார்" என்றார்.

கண்ணைத் திற, வாயை மூடு என்று எனக்குப் பாடம் எடுத்தாய். இனி அவள் பெயரை எனக்கு எழுதாதே. இந்த முறை "எழுதாதே" என்றால் எழுதாதே.

தியாகலிங்கம்


கொக்குவில்
6.5.2025

அன்பு மகள் கம்சாயினிக்கு,

நீயும் மருமகனும் குழந்தையும் சுகம்தானே? சித்திரை வெயிலில் இங்கே தலை சுற்றுகிறது.

உன் அப்பாவின் கடிதத்தை இத்துடன் வைக்கிறேன். ஒருவர் கடிதத்தை இன்னொருவருக்கு அனுப்புவது சரியில்லை. ஆனால் அதிலுள்ளதை என் கையால் எழுத எனக்கு ஏலவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அன்றைக்குப் பிள்ளைக்கு என்ன நிற உடுப்புப் போட்டாய்?

மாமி


9.6.2025

அப்பாவுக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். நாங்கள் சுகம்.

மாமி உங்கள் கடிதத்தை அனுப்பினா. சிவப்புப் பாவாடைக் குட்டி என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் என் மகள். ஐந்து வயது. அது வாடகை உடுப்பு இல்லை, அவளுடைய அப்பம்மா தைத்தது. உங்களுக்குக் காட்ட வேண்டும் என்று அவளே எடுத்துப் போட்டாள். அவள் போட்டதால் நாங்களும் போட்டோம். "அம்மப்பா" என்று சொல்லப் பழக்கியிருந்தேன். இரண்டு ம் வருகிற இடத்தில் வாயை இறுக்கி மூடிக்கொண்டு சொல்வாள்.

வாசலுக்கு உள்ளே வந்ததுமே உங்களைக் கண்டேன். முதல் கல்லில் நின்றீர்கள். நாங்கள் கடைசிக் கல்லிலிருந்து ஒவ்வொன்றாகத் தாண்டி நடந்து வந்தோம். கிட்ட வந்ததும் பிள்ளைக்கு வெட்கம் வந்துவிட்டது. தூக்கச் சொல்லித் தன் அப்பாவைக் கூப்பிட்டாள். நீங்கள் திரும்பினீர்கள். என்னைப் பார்த்தீர்கள். நான் முகமூடியைக் கழற்றக் கை வைத்தேன். அப்போதுதான் அதைச் சொன்னீர்கள்.

யாருக்கு விளங்கப்போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த முற்றத்தில் எனக்கு விளங்கியது.

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று என் கணவர் ஜுன்ஹோ கேட்டார். வடிவான பிள்ளை என்று சொன்னார் என்றேன். பிறகு ஏன் போகிறோம் என்று கேட்டார். எனக்குத் தலை சுற்றுகிறது என்றேன். அவர் இன்னும் உங்களை மரியாதை தெரிந்தவர் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் என்னை அடையாளம் காணவில்லை என்று இப்போது தெரியும். ஆறு வருடம், முகமூடி, அந்த உடுப்பு. அதில் எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் யோசித்து வைக்காத முகத்தை ஒருதரம் பார்க்க வேண்டும் என்று மாமிக்கு எழுதியிருந்தேன். பார்த்துவிட்டேன்.

ஜாம் காய்ச்சியது எனக்குத் தெரியாது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

கம்சாயினி


ஹென்டர்சன்
3.8.2025

தங்கச்சிக்கு,

அவளுடைய கடிதம் வந்து கனநாளாகிவிட்டது. மேசையில் கிடக்கிறது. சுகம் கேட்டு எழுதும் ஒழுங்கை இந்த ஒருதரம் விட்டுவிடு.

உன்னை என்ன செய்வது? பேத்தி இருக்கிறாள் என்று ஒரு வரி, ஒரே ஒரு வரி எழுத உன் கைக்கு என்ன வந்தது? அவள் சொல்லாதே என்றால் சொல்லமாட்டாய், நான் எழுதாதே என்றால் மட்டும் எழுதுவாய். பிள்ளையோடு வருவாள் என்று தெரிந்திருந்தால் அந்த முற்றத்தில் ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் பார்த்திருப்பேனே. நான் அவனைத்தான் எதிர்பார்த்தேன். தமிழ்ச்சி ஒருத்தியும் கூட ஒரு கொரியனும் வருவார்கள் என்று நின்றேன். யாரென்று தெரியாத பிள்ளையைத்தானே அப்படிச் சொன்னேன் என்று அவளுக்கு எழுதத் தொடங்கினேன். எழுதியதை வாசித்துப் பார்த்தேன். யாரோ ஒருவரின் பிள்ளையைச் சொல்லலாமா என்று அதிலேயே கேள்வி நிற்கிறது. கிழித்துவிட்டேன்.

எழுதினாலும் எங்கே அனுப்புவது? கடிதத்தில் விலாசம் இல்லை.

போன கிழமை வெஸ்ட்கேட்டில், கோதண்டராமனோடு சாமான் வாங்கப் போனபோது, ஒரு பிள்ளை "அப்பா" என்று கூப்பிட்டது. திரும்பக்கூடாது என்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு பொறுக்க முடியாமல் திரும்பினேன். அதற்குள் போய்விட்டார்கள். "என்ன சார், யாராவது தெரிஞ்சவங்களா?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

பத்மாவதி, அவள் முழுக் கடிதத்திலும் பிள்ளையின் பெயரை எழுதவில்லை. உனக்குத் தெரியும்தானே. தமிழ்ப் பெயரா, அவர்களின் பெயரா என்று நான் கேட்கவில்லை. எதுவென்றாலும் சரி. சொல்லிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பெயரை மட்டும் எழுது.

அண்ணா


கொக்குவில்
21.9.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் சுகம். நல்லூர்த் திருவிழா நல்லபடி முடிந்தது, உங்கள் பெயருக்கும் ஒரு அர்ச்சனை செய்தேன். யசீகரனுக்கு இடமாற்றம் வரும் போலிருக்கிறது. உங்கள் முழங்கால் எப்படி என்று நீங்கள் இந்த முறை எழுதவில்லை.

நீங்கள் ஏசியது முழுக்கச் சரி. அந்த ஒரு வரியை எழுதியிருக்க வேண்டும் என்று விடிந்தால் பொழுதுபட்டால் நினைக்கிறேன்.

பெயர் கேட்டீர்கள். எனக்குத் தெரியும். ஆனால் அவளுடைய பிள்ளை, அவளைக் கேட்காமல் எழுத மனம் வரவில்லை. அப்பா கேட்கிறார், எழுதவா என்று கேட்டு எழுதினேன். பதில் நேற்று வந்தது. சுகம் விசாரித்திருக்கிறாள், குழந்தைக்குப் பல் விழுந்திருக்கிறதாம். உங்களுக்கு எழுதச் சொன்னதை அவள் எழுதியபடியே தருகிறேன், என்னைக் கோபிக்க வேண்டாம்.

"வந்த ஆக்களுக்குக் கதிரை குடுப்பம், மாமி. பேர் சொல்லுறேல்லை."

முழங்காலுக்கு நல்லெண்ணெய் தடவிச் சுடுதண்ணீர் ஒத்தடம் பிடியுங்கள். குளிருக்குள் தோட்டத்தில் நிற்க வேண்டாம்.

அன்புத் தங்கச்சி,
பத்மாவதி